வலது பெடல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை கட்டிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இது எனக்கே நடந்தது. ஒவ்வொரு நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்று நான் தனியாகப் பறந்தேன். இரண்டே இருக்கை உள்ள சின்னப் பயிற்சி விமானம். இரண்டு இருக்கைகளுக்கும் கால் பெடல்கள் உண்டு. ஒரு இருக்கையில் மிதித்தால் மறு இருக்கையிலும் அதே பெடல் சேர்ந்தே இறங்கும்; வலதை மிதித்துப் பிடித்தால் இடது இறங்காது. பக்கக் காற்றில் மூன்று முறை ஒழுங்காக இறங்கிக் காட்டினால்தான் பயிற்சியாளர் கையெழுத்துப் போடுவார். "பக்கக் காத்துன்னாலே உனக்குக் கை நடுங்குது" என்று மனிதர் இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஏறினேன்.

இரண்டு முறை பூப்போல இறங்கினேன். மூன்றாவது முறை கிளம்பியபோது மாலை 5.48. காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. ஓடும்போதே இடது பெடல் கனத்தது. எண்ணெய் போடவில்லை போல என்று மெக்கானிக்கை மனதுக்குள் திட்டினேன்.

அந்தக் காற்றில் விமானத்தின் மூக்கை வலப்பக்கம் திருப்பி, நண்டு மாதிரி ஒருக்களித்து வர வேண்டும். சக்கரம் தரையைத் தொடும் முன் இடது பெடலை மிதித்து நேராக்க வேண்டும். நேராக்காமல் தொட்டால் சக்கரம் முறிந்து கவிழ்ந்துவிடும்.

6.04. இடது பெடலை மிதித்தேன். அசையவில்லை.

வேகத்தைக் கூட்டி மேலே ஏறிவிட்டேன். ரேடியோவில் பயிற்சியாளரின் குரல் கரகரத்தது.

"என்ன ஆச்சு?"

"பெடல் இறுகுது சார்."

"பயந்துட்டியாம்மா?"

"இல்ல சார்."

மேலே போனதும் பெடல் நன்றாகவே வேலை செய்தது. ஓடுபாதையில் விளக்கு கிடையாது. 6.25க்கு இருட்டிவிடும். அடுத்த விமானத்தளத்துக்கு நாற்பது நிமிடம். இறங்கியே ஆக வேண்டும்.

6.13. மறுபடி ஓடுபாதை.

சரக்... சரக்...

இரும்பில் செருப்பு உரசும் சத்தம். பக்கத்து இருக்கையிலிருந்து...

ஓரக்கண்ணால் பார்த்தேன். இருக்கை காலி.

அதன் வலது பெடல்... தானாக மெல்ல இறங்கியது.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"யாரா இருந்தாலும் காலை எடு! இப்ப ஓட்டறது நான்!"

இடது பெடலை ஓங்கி உதைத்தேன்.

விட்டது.

தட்!

6.14. இறங்கிவிட்டேன். நேராக.

பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக்கை எல்லோரும் 'ஸ்பானர் அண்ணன்' என்போம். அவர் பெடல்களைக் கழற்றி, கம்பிகளை இழுத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. அப்போது அவருக்குப் போன் வந்தது. கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி பேசறாங்க... என் கூடப் பொறந்த அண்ணன் இதே விமானத்துல, அந்த வலது சீட்டுல உக்காந்து ஓட்டினவன். பக்கக் காத்துல பயந்து, மிதிச்ச காலை எடுக்கவே இல்ல. விமானம் விழுந்துடுச்சு. அப்புறம் சரி பண்ணித்தான் ஓட்டறோம்."

"இறந்துட்டாரா?"

"உயிரோடதான் இருக்கான். வலது கால் மட்டும் போயிடுச்சு. இப்ப வீட்ல ஒரே கத்தலாம். இல்லாத அந்தக் காலை யாரோ ஓங்கி உதைச்சுட்டாங்களாம்."

"எப்போ?"

"ஆறு பதினாலுக்கு."

முதுகு சில்லிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. நாளைக்கும் பறப்பேன். காலை வெச்சா மறுபடியும் உதைப்பேன்."

அவர் கையிலிருந்த போன் இன்னும் கட் ஆகவில்லை. அதிலிருந்து ஓர் ஆண் குரல் மெதுவாகக் கேட்டது.

"எத்தனை மணிக்கு?"