சிங்க் அடைத்துக்கொண்ட பங்குனி

என் வலது கால் மடங்காது. சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்தபோது கட்டுப் போட்ட புண்ணியவான் கோணலாகப் போட்டுவிட்டான். நடப்பேன், நிற்பேன், கோபம் வந்தால் ஓடக்கூட ஓடுவேன். குத்துக்காலிட்டு உட்கார மட்டும் வராது. காஞ்சிபுரத்தில் தறிக்காரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் கிணற்றடியில் என் மாமியார்தான் பாத்திரம் துலக்குவார். நான் பக்கத்தில் தூண் மாதிரி நிற்பேன். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினாலாவது திருப்பிச் சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் சமையலறை மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிங்க் கட்டிக் கொடுத்தார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் சிங்க். நின்றபடியே குழாயைத் திறந்து ஒரு சொம்பைக் கழுவியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"நின்னுக்கினு கழுவறதா? ஓட்டல் மாதிரி இருக்குது. நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்மா."

இரண்டாவது வருஷம் பங்குனியில் அது அடைத்துக்கொண்டது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்று நாறியது. உத்திரத்துக்குப் பக்கத்து ஊரான தாமலிலிருந்து சம்பந்தி அம்மாள் வருவதாக இருந்தார். என் நாத்தனாரைக் கொடுத்த இடம். தும்மினாலும் குற்றம் கண்டுபிடிக்கிறவர்.

"சம்பந்தி மூக்கப் பொத்திக்கினு சாப்பிடணுமா? நாளைக்குக் கொத்தனாரக் கூப்ட்டு இடிச்சிடுபா. நானே கெணத்தாண்ட கழுவிக்கிறேன்" என்றார் மாமியார்.

"சரிம்மா" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா சொல்லி அவர் வேறு எதையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மறுபடியும் கிணற்றடியில் தூணாக நிற்க நான் தயாராக இல்லை. ஒரு பருக்கைகூட உள்ளே விட்டதில்லை, காபித்தூளைச் செடிக்குத்தான் போடுகிறேன், இடிப்பதற்கு முன்னால் அடியில் வளைந்திருக்கிற குழாயைக் கழற்றிப் பார்க்கட்டும் என்று சண்டை போட்டேன். என் வீட்டுக்காரரோ அந்த வளைவையே கொத்தனார் செய்த தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர். ஆனாலும் சைக்கிள் கடையில் ஸ்பேனர் வாங்கி வந்து, அடியில் வாளியை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். திருகுமறை லேசில் அசையவில்லை. அசைந்ததும் கறுப்புத் தண்ணீர் பாதி வாளியிலும் பாதி அவர் சட்டையிலும் கொட்டியது. கம்பியை விட்டுக் குடைந்ததில் கொழுக்கட்டை அளவுக்கு ஓர் உருண்டை வந்து விழுந்தது.

என் குற்றமாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே அதைக் கழுவிப் பார்த்தேன். சோறு இல்லை. சாம்பல். சாம்பலுக்குள் பட்டு இழைத் துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கும் பாதி பச்சை, பாதி அரக்கு.

தறியில் நீளவாட்டில் ஏற்றிய இழைகளான பாவு ஒன்று தீர்ந்தால், பழைய இழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். சரியாகச் சேராததைக் கிள்ளிப் போடும்போது அது விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் தறியில் பச்சை தீர்ந்து அரக்கு ஏறியது மாசியில். எங்கள் வீட்டில் பாவு சேர்க்கிற விரல்கள் மாமியாருடையவை மட்டுமே. நான் மத்தியானம் கண்ணயர்கிற நேரம் பார்த்து வந்து கை கழுவியிருக்கிறார்.

"அத்த, இது யாரு கை வேலைன்னு பாருங்க" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அடுத்து என்ன சொல்வது என்று பெரிய பட்டியலே நாக்கில் இருந்தது.

அவர் மறுக்கவில்லை.

"எனக்கும் முட்டி வலிக்குதும்மா. கெணத்தாண்ட உக்காந்தா சொவத்தப் புடிச்சிக்கினுதான் எழுந்துக்கறேன். சொன்னா, மருமவளும் உக்கார மாட்டா, மாமியாளும் உக்கார மாட்டான்னு ஊரு சிரிக்காதா?"

நாக்கில் இருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் சிங்க் வரும்வரை என் எச்சில் தட்டையும் சேர்த்துத் துலக்கியிருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாயில் வந்ததோ வேறு.

"வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும் அத்த. நான் என்ன ஜோசியம் பாக்கறவளா?"

சிங்க்குக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "அப்ப கொத்தனாரு?"

"மொதல்ல கொழாய மாட்டுடா" என்றார் மாமியார்.

உத்திரத்தன்று சம்பந்தி அம்மாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தார். நான் நின்றபடி டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சிங்க்கையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருமவளுக்குன்னு தனியா கட்டிக் குடுத்திருக்கீங்களா? நல்ல எடம்தான்" என்றார், என் மாமியாரைப் பார்த்து.

மாமியார் என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, குழாயைத் திறந்து நிதானமாகக் கை கழுவினார்.

"இது எனக்குக் கட்டினது. அவளும் பொழங்கிக்கிறா."