சுழி பார்த்து வாங்கிய படகு

எங்கள் வீட்டில் மாடு வாங்குவதென்றால் அது பெரிநைனாவின் வேலை. என் அப்பாவை நைனா என்போம், அவருடைய அண்ணன். சத்தியவேடு பக்கத்து ஊர்களில் யார் காளை வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார். வாலைத் தூக்கிப் பார்ப்பார். உடம்பிலிருக்கும் சுழிகளைத் தேடிப் பிடித்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்பார். ஆகவே நைனா படகு வாங்கக் கிளம்பியபோதும் பெரிநைனாவையே கூட்டிப் போனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவர் அதுவரை படகில் கால் வைத்ததில்லை என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

விவசாயிக்கு எதற்குப் படகு என்று ஊரே கேட்டது. அம்மா பிறந்தது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவில். அங்கேயும் நெல்தான் விளைவிக்கிறார்கள், ஆனால் நமக்குச் சைக்கிள் எப்படியோ அவர்களுக்குப் படகு அப்படி. தடா வரைக்கும் பஸ்ஸில் போய், கரையில் காத்திருந்து சர்வீஸ் படகு பிடிக்க வேண்டும். காலையில் போகிற படகு சாயங்காலம் திரும்பும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போவோம், போன படகிலேயே திரும்பிவிடுவோம். மாடு கறக்க ஆளில்லை என்பது நைனாவின் நிரந்தரக் காரணம். என்னைப் பெற்றெடுக்கப் போனதோடு சரி, அதற்குப் பிறகு அம்மா தன் தாய்வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அங்கே போனாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்கு வந்து ஏரியைப் பார்ப்பாள். படகு வந்துவிட்டதா என்று பார்க்கிறாளாம்.

டிராக்டர் வந்ததும் நைனா உழவு மாடுகளை விற்றார். அந்தக் காசு கையில் நிற்காமல் எதையாவது வாங்கச் சொல்லி அவரை அரித்தது. சொந்தமாக ஒரு பழைய பாய்மரப் படகு இருந்தால் தீவுக்கு வைக்கோலும் காய்கறியும் ஏற்றிப் போய் விற்கலாம், குடும்பத்தோடு போய் வரலாம் என்றார். முக்கியமான காரணத்தைக் கடைசியில் சொன்னார்.

“நம்ம படகு இருந்தா சாயங்காலம் வரிக்கும் ஏன் காத்துக்கினு கெடக்கணும்? மதியம் சோறு துன்னுட்டு உடனே கெளம்பிடலாம்.”

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் கரண்டி சற்று நின்றது என்று எனக்கு ஞாபகம். நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். படகு பார்க்கத் தன் தம்பியையும் கூட்டிப் போகலாமே என்று மட்டும் சொன்னாள். மச்சான் அந்தப் பக்கத்து ஆள், விற்கிறவனுக்குத்தான் பேசுவான் என்று பெரிநைனா அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

ஆக, நைனா, பெரிநைனா, அம்மா, நான் என்று நான்கு பேர் கரைக்குப் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. விற்பனைக்கு இரண்டு படகுகள் மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள், இரண்டும் ஒரே ஆளுடையவை. ஒன்று கறுத்துப்போன படகு. பெயின்ட் கிடையாது, அழகு கிடையாது, தூங்குகிற எருமை மாதிரி கிடந்தது. மற்றது நீலமும் மஞ்சளும் அடித்து, முகப்பில் இரண்டு கண் வரைந்து, பாய்கூடப் புதுசாகத் தைத்து வைத்த படகு. நான் உடனே அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பெரிநைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். படகின் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். விலாவில் தட்டினார். கைக்கு எட்டிய இடமெல்லாம் தடவினார். விற்கிறவர் சும்மா இருக்க முடியாமல் “படவ மஞ்சிதி அண்ணா”, நல்ல படகு என்று தெலுங்கில் சொன்னார். பெரிநைனா அவரைப் பேசாதே என்று கையமர்த்தினார். மாடு பார்க்கும்போது தரகர் பேசக் கூடாது.

கடைசியில் கறுப்புப் படகின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார். “இதாண்டா உழைக்கிற ஜாதி. அது சும்மா சலங்கை கட்டிக்கினு ஆடறது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீலப் படகிலிருந்து இறங்கமாட்டேன் என்று பலகையைப் பிடித்துக்கொண்டேன். என்னை இறக்கிவிட அம்மா வந்தாள். வந்தவள் என் செருப்பை எடுக்கக் குனிந்து, அப்படியே படகின் அடியில் இரண்டு பலகை சேருமிடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கறுப்புப் படகையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரிநைனாவிடம் அம்மா நேராகப் பேசமாட்டாள். அந்தக் காலத்து மரியாதை அது. வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லி அனுப்புவாள். அன்றைக்கும் என் காதருகே குனிந்து சொன்னாள்.

“அந்தக் கறுப்புப் படகு பின்பக்கத்துல, சுக்கான் மாட்டுற எடத்துல பாரு கண்ணு. பலகையில சுழி மாதிரி ஒண்ணு கீது. பெரிநைனா கிட்ட போயி அது இன்னா சுழின்னு கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்தில் கிளை முளைத்த இடம், வட்டம் வட்டமாக ஒரு கணு. நானே கண்டுபிடித்த மாதிரி கத்தினேன். பெரிநைனா வந்து குனிந்தார். அவர் முகம் மாறியது. வாலடியில் இருக்கிற சுழிக்குத் துடைப்பச் சுழி என்று பெயர். அது இருக்கிற மாட்டை வாங்கினால் வீட்டில் இருக்கிற சொத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சுழியுள்ள மாட்டை இனாமாகக் கொடுத்தாலும் கொட்டகைக்குள் விடமாட்டார்கள்.

“அய்யோ, துடைப்பண்டா! நான் எப்படிடா பாக்காம உட்டேன்?” என்றவர், அப்படியே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “கண்ணப் பாத்தியா! நம்ம வூட்டு ரத்தம்டா இது!”

பிறகு துண்டை விரித்து, அதற்குள் கையை விடச் சொல்லி விற்கிறவரைக் கூப்பிட்டார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். படகுக்காரருக்கு அது பழக்கமில்லை. இந்த ஆள் எதற்குத் தன் கையைப் பிடித்துக்கொள்கிறார் என்று விழித்தார். எப்படியோ பேசி முடித்து நீலப் படகு எங்களுடையதாயிற்று. நான் பெருமையில் தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், எங்கள் படகை செலக்ட் பண்ணியது நான்தான் என்றேன்.

அம்மாவின் தம்பி, என் மாமாதான் ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பொங்கல் கழிந்து முதல் பயணத்துக்காக அவர் வந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரித்தார். பாய் காற்றைப் பிடித்து உப்பியபோது நான் கூச்சல் போட்டேன். அந்த ஏரியில் வெயிலடித்த தண்ணீரும், தூரத்தில் எழுந்த பூநாரைக் கூட்டமும், கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவும் இன்றைக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பாதி வழியில் நைனாவின் கால் நனைந்தது. கொஞ்ச நேரத்தில் முறுக்கு டப்பா மிதந்தது. நைனா சாப்பாட்டுத் தூக்கைக் காலி செய்து தண்ணீரை வாரி வாரி ஊற்றினார். “இடுப்பளவு தண்ணி மாமா, பயப்படாதீங்க” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு என் மாமா நிதானமாகச் சுக்கானைப் பிடித்திருந்தார். அம்மாவும் பயப்படவில்லை.

தீவில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்தார்கள். காய வேண்டும், இடுக்கில் பஞ்சு அடைக்க வேண்டும், தாரைப் போலிருக்கும் கீலைக் காய்ச்சிப் பூச வேண்டும், அதுவும் காய வேண்டும், எப்படியும் ஒரு வாரம் ஆகும் என்றார் மாமா. நைனா சர்வீஸ் படகைப் பார்த்தார், மாடுகளை நினைத்தார். போகும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன் தம்பிய நம்பி படகு உடமுடியாது. நாலு பேருக்கு வாடகைக்கு உட்டுடுவான். நீ கூட இருந்து ரெடி பண்ணி எடுத்துக்கினு வா.”

“சரி” என்றாள் அம்மா.

அந்த வாரத்தில்தான் அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தேன். இறால் தொக்கை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சிநேகிதியோடு கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏரியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ வெட்கமாக இருந்தது. ஊரில் போய் என்ன முகத்தோடு பேசுவேன்? “நான் தப்பாப் பாத்துட்டேனாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல கண்ணு. நல்ல படகாத்தான் பாத்துக் குடுத்த” என்று என் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான்கைந்து வருஷம், ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தப் படகு ஒழுகியது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம். பெரிநைனா தன் பார்வையைச் சந்தேகிக்கவேயில்லை. துடைப்பச் சுழிக்கு ஒழுகல் எவ்வளவோ மேல் என்பார்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிச் சித்தூரில் இருக்கிறேன். அம்மா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும், சாயங்காலம் எந்த பஸ் என்று வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்துவிடும். போன மாதமும் வந்தது. பேசி முடித்துப் போனை வைத்தேன். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். கீல் சட்டி ஞாபகம் வந்தது அப்போதுதான்.

அது முதல் பயணத்தின் கடைசி நாட்களில் ஒன்று. மாமா கவிழ்த்த படகின் பக்கத்தில் உட்கார்ந்து கீல் காய்ச்சிக்கொண்டிருந்தார். “அக்கா, ரெண்டு கை கெட்டியாப் பூசிட்டா மூணு வருஷத்துக்கு ஒரு சொட்டு உள்ள வராது. பூசிடட்டா?” என்று கேட்டார்.

அம்மா சட்டியை எட்டிப் பார்த்தாள். “அவ்ளோ கெட்டியா வாணாம்டா” என்றாள்.

கீல் வீணாகிறதே என்று அம்மா சிக்கனம் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் அதை நைனாவிடம் மறக்காமல் சொன்னேன். நைனாவுக்கு அப்படியொரு சந்தோஷம். பெரிநைனாவைக் கூப்பிட்டு, “பாத்தியாண்ணா, நம்ம வூட்டுக்கு வந்து எப்படிக் கட்டு செட்டா ஆயிட்டா பாரு” என்றார்.