என் மகளை யார் தூக்கினார்கள்?

எழுபதுகளின் நடுப்பகுதியில், ஜூலை மாதக் குளிரில், மெல்பேர்ண் ஆஸ்பத்திரி ஒன்றில் எங்கள் முதல் குழந்தை பிறந்து இறந்தது. பெண் குழந்தை. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

என் மார்புக்குக் கீழே பச்சைத் துணியைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் ஒரு அழுகை கேட்டது. மிக மெல்லியது. உடனே கதவு திறந்து மூடியது. எனக்கு ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது டொக்டர் கட்டிலருகே நின்றார். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது என்றார்.

"அழுதாளே," என்றேன்.

மருந்து மயக்கத்தில் அப்படித் தோன்றும் என்றார். அடக்கத்தை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும், வீட்டுக்குப் போய் மறந்துவிட்டு இன்னொன்றைப் பெற்றுக்கொள் என்றார். அந்த நாளில் அதுதான் வழக்கம். தாய்க்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் சுரந்தது. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தேன். என் கணவர் ஞானராஜா நல்ல மனிதர். ஆனால் அவரும் டொக்டரைத்தான் நம்பினார்.

"அழாதையும், ரஞ்சி. டொக்டருக்குத் தெரியாததே?"

"அவள் அழுதவள். எனக்குக் கேட்டது."

"ஓம், ஓம்," என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார்.

கர்ப்பமாக இருந்த மாதமெல்லாம் அந்தப் பிள்ளைக்காக முழங்காலில் நின்றவள் நான். இப்போது முழங்கால் மடங்க மறுத்தது. ஆராதனையில் உதடு மட்டும் அசையும். ஒரே ஒரு கேள்விதான் உள்ளே மிஞ்சியிருந்தது. குசினியில் கோப்பை கழுவும்போதெல்லாம் அதையே கேட்பேன். "ஆண்டவரே, என்ரை பிள்ளையை ஆர் தூக்கினது? இப்ப எங்கை கிடக்கிறாள்? இதை மட்டும் சொல்லும்." அதை ஜெபம் என்று கூட நான் நினைக்கவில்லை.

நான் லத்தீன் ஆசிரியை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி சேலை கட்டிக்கொண்டு அவுஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு லத்தீன் படிப்பிக்கிறாள் என்று பலருக்கும் வேடிக்கை. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, பல சபைப் பெண்களும் ஒன்றாகக் கூடி ஜெபிக்கிற நாள். அன்று ரோமாபுரியின் முதல் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசும்படி எங்கள் போதகரின் மனைவி கேட்டார். மாட்டேன் என்றேன். "போய்ப் பேசும். வீட்டுக்குள்ளை கிடந்து என்ன செய்யப்போறீர்?" என்று கணவர் வற்புறுத்தினார். பள்ளிக்கூடத்துப் படச் சுருள்களை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் நன்றாகத்தான் பேசினேன். ரோமர்களின் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், தகப்பன் அதைத் தூக்கி எடுத்தால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளை. வேண்டாத குழந்தையைத் தெருவில் வைத்துவிடுவதும் உண்டு. கிறிஸ்தவர்கள் அப்படிச் செய்ய மறுத்தார்கள். அவர்களில் பலர் அடிமைகள், கூலிகள். தங்கள் இறந்தவர்களை நகரத்துக்கு வெளியே, பூமிக்குக் கீழே குடைந்த சுரங்கங்களில் வரிசை வரிசையாக வைத்தார்கள். அந்த இடத்தை உறங்கும் இடம் என்றுதான் அழைத்தார்கள்.

அடுத்த படம் திரையில் விழுந்தது. சுவரில் சின்னச் சின்னக் குழிகள். எல்லாம் குழந்தைகளுக்கு வெட்டியவை. ஒன்றை மூடிய சுண்ணாம்பில் ஒரு சிறு பொம்மையை யாரோ பதித்திருந்தார்கள். பக்கத்தில் எழுத்துப் பிழையோடு கீறிய ஒரு வரி. அதை லத்தீனில் வாசித்துவிட்டேன். மொழிபெயர்க்க வாய் வரவில்லை. "சமாதானத்தில் உறங்குகிறாள்." அவ்வளவுதான் அதில் இருந்தது.

"இந்தத் தாய்க்குத் தன் பிள்ளை எங்கே என்று தெரியும்," என்றேன். "எனக்கும் ஒரு மகள். அவளை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது."

அப்படியே நின்று அழுதுவிட்டேன். யாரோ லைற்றைப் போட்டார்கள்.

பின் அறையில் என்னை ஒரு கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தார்கள். அப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் என் முன்னால் குனிந்தார். அவர் வாயிலிருந்து வந்தது தமிழ்.

"புள்ள, நீங்க ரஞ்சிதம்தானே? போன ஜூலையில ஆஸ்பத்திரியில இருந்தீங்க?"

திகைத்துப் போனேன். அவர் மட்டக்களப்புப் பறங்கியர். போர்த்துக்கேயர் வழி வந்தவர். பெயர் டொலரஸ். அந்த ஆஸ்பத்திரியில் நேர்ஸ்.

"உங்கட புள்ளய நான்தான் தூக்கினன்," என்றார்.

அவர் கையை இறுகப் பிடித்தேன். "அழுதவளோ?"

"ஓம் புள்ள, அழுதது. கொஞ்ச நேரந்தான் உயிர் இருந்தது. அடங்குமட்டும் என்ட நெஞ்சோட அணைச்சிருந்தன். குழாய்த் தண்ணி தொட்டு ஞானஸ்நானம் குடுத்தன். அட்டையில தமிழ்ப் பேரக் கண்டனே, அதால தமிழிலதான் செபம் சொன்னன். மரியா எண்டு பேர் வச்சன். வேற பேர் யோசிக்க நேரமில்ல. கோவிக்காதீங்க."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"தாய்மாரோட அதப் பத்திக் கதைக்கப்படாது எண்டு கட்டளை. மனம் பொறுக்காம ரெண்டு மூணு நாள் கழிச்சு வார்டுக்கு வந்தன். நீங்க வீட்ட போயிட்டீங்க."

அன்பானவர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் என் வாயில் ஸ்தோத்திரம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்த என் பிள்ளையை ஒரு நிமிடமாவது என் கையில் தந்திருக்கலாமே! கத்தி அழுதேன். டொலரஸ் அன்ரி என்னை விட்டு அசையவில்லை. அவரும் அழுதார்.

குழந்தையை எடுத்துச் செல்ல வந்தவரிடம் இடத்தைக் கேட்டு வைத்து, தன் விடுமுறை நாளில் அங்கே போய்ப் பூவும் வைத்திருக்கிறார் அன்ரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களை அழைத்துப் போனார். பெரிய மயானத்தின் ஓரத்தில் வேலியை ஒட்டிய ஒரு புல்தரை. கல் இல்லை, பெயர் இல்லை. அங்கே அப்போதுதான் கோடை முடிந்திருந்தது; புல் காய்ந்திருந்தது.

"தனிய இல்ல புள்ள. வேற புள்ளைகளும் கூட இருக்கு," என்றார்.

அது என்னைக் குத்தியது. என் பிள்ளைக்கென்று ஒரு முழ நிலம் கூட இல்லையா? நின்றுகொண்டே இருந்தேன். என் கணவர், அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், போட்டிருந்த கோட்டோடு அந்தப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"மரியா," என்றார். "அப்பா வந்திருக்கிறன், பிள்ளை."

அப்போதுதான் என் முழங்கால் மடங்கியது. அவர் பக்கத்தில் இருந்து, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டு ஜெபித்தேன்.

நான் முதலில் கேட்டது அவள் உயிரை. அதை ஆண்டவர் தரவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஆனால் கோப்பை கழுவிக்கொண்டு நான் கேட்ட கேள்வி அவர் காதில் விழுந்திருந்தது. நான் கேட்கத் தொடங்கும் முன்பே, எங்கள் மொழியில் ஜெபிக்கத் தெரிந்த ஒருத்தியை என் மகளருகே நிறுத்தியிருந்தார்.

இப்போது அன்ரியும் நானும் பிள்ளையை இழந்த தாய்மாரின் வீடுகளுக்குப் போகிறோம். சிலர் கதவைத் திறப்பார்கள், சிலர் திறக்கமாட்டார்கள். திறந்த வீட்டில் அதிகம் பேசமாட்டோம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்போம். பெயர் வைக்கவில்லை என்றால், வைக்கும்வரை கூட இருப்போம்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஜெபிக்க மனம் இல்லாவிட்டால், அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள். கோபமாகவே கேளுங்கள். கேட்டது கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் கேளுங்கள். அவர் காது கொடுக்கிறார். இதை நான் சந்தோஷத்தோடு சொல்லவில்லை. என் பிள்ளையைப் புதைத்த இடத்தில் நின்று அறிந்துகொண்டதால் சொல்கிறேன்.