சாமி மலையேறும் வரை

கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்த நான், ஆடி மாதத்து அம்மன் பாட்டுக்கு மாறியதற்குப் பக்தி காரணமில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். ரிசப்ஷனில் உயிரைக் கொடுத்துப் பாடினாலும் கூட்டத்தின் கண் பந்தியில்தான் இருக்கும். அம்மன் கோயில் கூட்டம் அப்படியில்லை. பாட்டைக் கேட்கவே வந்து உட்காரும். எனக்கு அந்தக் கூட்டம் வேண்டியிருந்தது.

விஷயத்தைச் சொன்ன அன்றோடு அம்மா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அதில் ஒருத்தியோடு பேசாமல் இருப்பது பெரிய வேலை. அம்மா அதை நன்றாகவே செய்தார். தட்டு வைப்பார், குழம்பு ஊற்றுவார், வாய் மட்டும் திறக்காது. இறந்துபோன என் அப்பா சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர், சொந்தமாக மெட்டுப் போட்டவர். அவர் மகள் தீச்சட்டிக்கு முன்னால் நின்று பாடுவதா என்பது அம்மாவின் கோபம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. அந்த மௌனம் என்னை நிஜமாகவே வாட்டியது.

முதல் கச்சேரி காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமத்தில், கூழ் ஊற்றிய நாள் சாயங்காலம். இரண்டாவது பாட்டிலேயே முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. முடி அவிழ்ந்து, கண் செருகி, ஆட ஆரம்பித்தார். நான் ஒத்திகை பார்த்தபடியே சரணங்களைப் பாடி, பல்லவிக்கு வந்து, சுத்தமாக முடித்து, "நன்றி, வணக்கம்" என்றேன்.

கைதட்டல் வரவில்லை. அந்தப் பெண் தூக்கிய கையோடு நடுங்கியபடியே நின்றார். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

பக்கத்தில் பம்பை அடித்துக்கொண்டிருந்தவர் பதறிவிட்டார். "இன்னாம்மா நிறுத்திட்ட? சாமி இன்னும் மலையேறல. அது எறங்கிப் போற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. எதையாவது எடுத்துப் பாடு!"

சாமியை வரவழைத்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பப் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பாடம் பண்ணி வைத்திருந்த அம்மன் பாட்டெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோயின. வாயில் வந்தது அப்பாவின் மெட்டு ஒன்று, சர்ச்சில் பெரிய வெள்ளி ஆராதனைக்காக அவர் போட்ட மெதுவான மெட்டு. அதில், "தாயே, மனம் குளிர்ந்து போ தாயே" என்று திரும்பத் திரும்பப் பாடினேன். பம்பையும் அடங்கிப் பின்னாலேயே வந்தது. யாரோ கற்பூரம் காட்டித் திருநீறு பூசினார்கள். அந்தப் பெண் மெல்லத் தளர்ந்து, பக்கத்தில் நின்றவர் தோளில் சாய்ந்தார். அதற்கப்புறம்தான் நான் பாட்டை நிறுத்தினேன்.

அடுத்த வருஷமும் நானே வர வேண்டும் என்றார்கள் விழாக் குழுவினர். யாரோ எடுத்த வீடியோ போனுக்குப் போன் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரர் மூலம் அம்மாவுக்கும் வந்து சேர்ந்தது.

அம்மா அதை என் எதிரிலேயே போட்டுப் பார்த்தார். அப்பாவின் மெட்டு வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இன்றோடு இந்த வீட்டில் எனக்குச் சோறும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோ முடிந்தது. அம்மா கண்ணைத் திறந்தார்.

"இழுக்குற எடத்துல நடுவுல மூச்சு வாங்குற. உங்கப்பா அங்க வாங்க மாட்டாரு," என்றார். "இரு, பாடிக் காட்டுறேன்."