பட்டிமன்றத்துக்குப் பாயிண்ட் கொடுத்தவர்

உத்தமபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், ஆண்டு விழாவுக்கு ஆசிரியர்களின் பட்டிமன்றம். பெரிய அணை, பெரிய மின் நிலையம்: நன்மை அதிகமா, தீமை அதிகமா? சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் தீமை விழுந்தது. ஸ்டாஃப் ரூமே சிரித்தது. என் வீட்டுக்காரருக்கு, அணைத் தண்ணீரில் கரண்ட் எடுக்கும் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில்தான் வேலை.

"உங்க சோத்துல மண்ணள்ளிப் போடப் போறேன்," என்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"தாராளமாப் போடு. பாயிண்ட் வேணுமா?"

நான் தோசை ஊற்ற ஊற்ற அவர் சொல்லிக்கொண்டே போனார். மழை பொய்த்தால் மிஷின் சும்மா நிற்கும். அணைக்குள் வண்டல் சேரும். காடு முங்கும். மீன் மேலே ஏற வழியிருக்காது. நான் கரண்டியும் பேனாவுமாக அல்லாடினேன்.

"எங்கய்யா பொறந்த வீடே வைகை டேமுக்குள்ளதான கெடக்கு. அதையும் சொல்லு," என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். இதை யாரும் என்னிடம் சொன்னதேயில்லை. தோசை கருகியது.

டி.வி. முன்னால் இருந்த மாமனாரிடம் போய்க் கேட்டேன்.

"ஆமாத்தா. நாலு வயசு எனக்கு. வண்டில சாமான் ஏத்துறாக, நான் திருவிழாவுக்குப் போறோம்னு குதிக்கிறேன்," என்று சிரித்தார். "நெலைக்கதவைக் கழட்டிக் கொண்டாந்தோம்னும் சொல்லு. எங்கய்யாவுக்கு அதுல அம்புட்டுப் பெருமை."

விழாவில் எனக்கு முன்னால் நன்மைக் கட்சியின் கணக்கு டீச்சர் பிளந்து கட்டினார். புகையில்லை, கரியில்லை, கரண்ட் எடுத்த அதே தண்ணீர் நம் வயலுக்கும் வருகிறது என்றார். எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. முன் வரிசையில் என் வீட்டுக்காரர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"உங்க வீட்டு சாருக்குப் போன் போட்டுத்தான் கேட்டேன். கோவிச்சுக்காதீக," என்று டீச்சர் என் காதில் கிசுகிசுத்தார்.

நான் பேசினேன். திருவிழாவென்று குதித்த பையனையும் நிலைக்கதவையும் சொன்னபோது கூட்டம் அமைதியானது. மாமனார் மட்டும் பக்கத்துக்காரரிடம், "நாந்தான் அந்தப் பய," என்றார்.

நன்மையே அதிகம் என்று தலைமை ஆசிரியை தீர்ப்புச் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. நானே பாதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன்.

"ரெண்டு பக்கமும் பாயிண்ட் குடுத்தீகளோ?" என்றேன் வீட்டுக்காரரிடம், வெளியே வந்ததும்.

"ரெண்டும் நெசந்தான?" என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் வைகை அணைக்குப் போனோம். தண்ணீர் நிறையக் கிடந்தது. "அந்தா, அங்கன," என்று மாமனார் கை நீட்டினார். சற்றுக் கழித்து, இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாகக் காட்டினார். பிறகு சாலையோரக் கடையில் மீன் வறுவல் சாப்பிட்டோம்.