வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க

என் தங்கச்சி மகளுக்கு அச்சகத்தில் ‘கமா’ என்று பெயர். மாதாமாதம் வருகிற காதல் நாவல்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் விடமாட்டாள், அதனால் வந்த பெயர். நான் எழுத்துப் படிக்காதவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொன்னதை அப்படியே எழுதணும், ஜோடனை பண்ணக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தங்கச்சி போனதிலிருந்து கமா என்னோடுதான் இந்த மாடி வீட்டில் இருக்கிறாள். முப்பத்தெட்டு வயதாகிறது. ஜன்னலோர மேசையில் தாளைப் பரப்பிக்கொண்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக வாய்விட்டுப் படிப்பாள். அப்படிப் படித்தால்தான் விட்டுப்போன வார்த்தை காதில் இடறுமாம். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

எல்லாக் கதையிலும் ஒரே கூத்துதான். அவன் அவளை வேறொருத்தனோடு பார்ப்பான். அது அவள் அண்ணனாக இருக்கும். யாரென்று கேட்கமாட்டான், ரயில் ஏறிவிடுவான். அவளும் ஏன் போனாய் என்று கேட்கமாட்டாள், தலையணையை நனைப்பாள்.

“இதுங்களுக்கு வாய் எதுக்குடி, கொட்டாவி விடவா?” என்பேன்.

“ஒரு வார்த்தை கேட்டா கதை மூணாம் பக்கத்துல முடிஞ்சிடும் பெரியம்மா. அப்புறம் என் பொழப்பு என்னாகுறது?” என்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அச்சகத்து வேனில் திருத்தவேண்டிய புதுத் தாள்கட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திருத்திய கட்டை வாங்கிப் போகிறவர் ஒருவர் இருந்தார். பெண்டாட்டியை இழந்தவர். வாசலில் நின்றபடியே, “இந்தத் தடவையாவது சேந்தாங்களா?” என்று கேட்பார்.

“எங்க சேர்றது? இப்பதான் ரயில் ஏறியிருக்கான்.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்போதே தெரியும்.

ஒருநாள் எனக்குப் போன் போட்டார். “அம்மா, அவங்ககிட்ட நேர்ல கேக்க நாக்கு எழலை. என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டுச் சொல்றீங்களா?”

சொன்னேன். கமாவின் பேனா நின்றது. காது மடல் சிவந்துபோனது. “வெள்ளிக்கிழமை வருவாரில்ல? நானே சொல்லிக்கிறேன்” என்றாள். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவளுக்குள் இருந்த பயம் எனக்குத் தெரியும். முன்பு இரண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று போனார்கள். அந்தப் போன் இன்னும் வந்தபாடில்லை. அதற்குப் பிறகு போன் அடித்தாலே அவள் தோள் தூக்கிப் போடும். இதுவும் அப்படிப் போய்விட்டால் இவள் இனி வாயே திறக்கமாட்டாள் என்று எனக்கு உள்ளூர உதறல்.

வெள்ளிக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவர் வருகிற நேரம் பார்த்து அச்சகத்து முதலாளி போன் பண்ணினார். யாரோ ஒரு எழுத்தாளர் தலையணை மாதிரி நாவல் எழுதி வைத்துக்கொண்டு, கமாதான் திருத்தணும், உடனே வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். முன்பு ஒரு தடவை இவள் திருத்தியதையெல்லாம் அடித்துவிட்டுத் தன் பிழையையே திரும்ப வைத்த மகான். இவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கத்திவிட்டாள்.

“முடியாதுங்க. எனக்கு இஷ்டமில்லை. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க அவரை!”

போனை வைத்துவிட்டு மறுபடி காத்திருந்தாள். வெயில் இறங்கியது. ஆள் வரவில்லை. பொறுக்க முடியாமல் நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், படி திரும்புகிற இடத்தில் புதுக் கட்டு மட்டும் கிடக்கிறது. தெருவில் வேனைக் காணோம்.

“வெச்சிட்டுப் போயிட்டாரே” என்றாள்.

“ஏதாவது அவசர வேலையா இருக்கும்டி” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய மீசைக்காரர் வந்து, “இனிமே நான்தான் வருவேன்” என்றார். கமா ஒன்றும் கேட்கவில்லை. திருத்திய கட்டை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நீ ஒரு போன் போடு” என்றேன்.

“கேட்டது அவர். இப்ப மனசு மாறி, சொல்லத் தெரியாம ஒளியறார். நான் போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுக்கவா பெரியம்மா?”

சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து போவாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அந்த மாதம் வந்த புத்தகத்தில் கதாநாயகியின் பெயர் பாதியிலே வேறு பெயராகி, அப்படியே அச்சாகிவிட்டது. முதலாளி கத்தினார். கமாவையே விடாதவள் ஒரு முழுப் பெயரை விட்டிருக்கிறாளே!

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நானே அவருக்குப் போன் போட்டேன். எழுத்துதான் வராது, எண் எனக்கு வரும்.

“அவங்க சொன்னபடியே வேற ஆளைப் பாத்துட்டேம்மா. அவங்களுக்கும் சங்கடமில்லை, எனக்கும் சங்கடமில்லை” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதை எப்படி அவளிடம் சொல்வது? ஆனால் மறைத்தால் நானும் அந்தக் கதைகளில் வருகிற ஜென்மம்தானே? தலை துவட்டிக்கொண்டு வந்தவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

துவட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் சொன்னபடியா? அன்னைக்கு நான் அவர்கிட்ட பேசவே இல்லையே… பெரியம்மா, அந்தக் கட்டு எங்க கிடந்துச்சு?”

“படி திரும்புற இடத்துல.”

“வாசல் வரைக்கும் வந்தவர்னா வாசல்லதானே வெச்சிருப்பார்?”

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நான் போய்ப் படித் திருப்பத்தில் நின்றுகொண்டேன். “அன்னைக்குக் கத்தின மாதிரியே கத்துடி!”

கத்தினாள். எனக்கு ஒரு காது மந்தம். இன்னொரு காதிலேயே பளிச்சென்று விழுந்தது: “எனக்கு இஷ்டமில்லை. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க அவரை!” எந்த ‘அவர்’ என்று சுவரா சொல்லும்?

நான் மேலே ஏறி வந்தபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இப்ப தெரிஞ்சு என்ன? அவர்தான் வேற ஆளைப் பாத்துட்டாரே.”

“பாத்தா பாத்துட்டுப் போகட்டும். உன் மேல இல்லாத பழி எதுக்கு? செருப்பைப் போடு.”

“நான் வரலை.”

“அப்போ நான் போறேன். போய் என் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.”

அந்தப் பயத்திலேயே கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் வழி நெடுக என் விரலை நசுக்கிக்கொண்டு வந்தாள்.

அச்சகத்துக்குப் பின்னால் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. அவர் வேனில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அன்னைக்கு நான் சொன்னது எழுத்தாளரை. முதலாளி போன்ல இருந்தார். உங்களைச் சொல்லலை” என்று ஒரே மூச்சில் சொன்னாள். “இதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க வேற ஆளைப் பாத்துட்டீங்களாம். நல்லா இருங்க.”

திரும்பி நடந்தவளிடம் அவர் தடுமாறிக்கொண்டே கேட்டார். “ஆள்… ஆள் நல்ல ஆள்தாங்க. நேரத்துக்கு வரலையா?”

“யாரு?”

“அதான், மீசைக்காரர். என் மூஞ்சியைப் பாக்க உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு அவரைப் பாத்து அந்த ரூட்டுக்கு மாத்திவிட்டேன்.”

நான் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். “அடப்பாவி மனுஷா! அதை ஏன்யா அப்படிச் சொன்னே?”

கமாவுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி” என்றாள்.

“எதுக்குச் சரி?”

“சரின்னா சரிதான்.”

“வேணாங்க. பாதியைக் கேட்டுப் பட்டது போதும். முழுசாச் சொல்லுங்க.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். “நான். உங்களை. கல்யாணம். பண்ணிக்கிறேன்.”

“மெஷின் சத்தத்துல கேக்கலைங்க.”

இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பைண்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேனுக்குள்ளிருந்து மீசைக்காரர் தலையை நீட்டினார்.

“அப்போ வெள்ளிக்கிழமை நான் போகணுமா, வேணாமா?”

அவர்கள் இரண்டு பேர் காதிலும் அது விழவே இல்லை. நான்தான் சொன்னேன்: “நீங்க வேற ரூட்டைப் பாத்துக்கங்க.”