மணல்திட்டில் ஒரு தேத்தண்ணி

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஓயாமல் வீசுகிற ஒரு பருவத்தில், மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரையில் நடந்தது இது.

எனக்கு ஊர் நறுவிலிக்குளம். வயல் செய்கிற வீட்டில் பிறந்தவள். கடல் எங்களுக்குத் தூரமில்லை; ஆனாலும் நான் ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை. மேசை வேலை, மன்னார் நகரத்தில் ஒரு கந்தோரில். காலையில் பஸ், கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்துவிடும். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். தூரத்துப் பூநாரைகள் நிற்பது தண்ணீரிலா ஆகாயத்திலா என்று தெரியாது. அப்படியொரு காலையில்தான் அந்த மனிதர் என் மனதுக்குள் வந்தார். புயலில் படகு கவிழ்ந்து, யாருக்கும் தெரியாத ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிற மீனவர். போகும்போதும் வரும்போதும் ஃபோனிலேயே தட்டித் தட்டி அவருடைய கதையை ஒரு நாவலாக எழுதி முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவர் அந்தத் திட்டிலேயே இறந்துபோவார். அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பதிப்பகங்களைத் தேடிப் போக எனக்குத் துணிவில்லை. எங்கள் புத்தகத்தை நாங்களே இணையத்தில் வெளியிடலாம் என்று கந்தோரில் கூட வேலை செய்யும் தோழி சொன்னாள். மதிய இடைவேளைகளில் இருவருமாக உட்கார்ந்தோம். முதலில் ஏற்றியபோது கொம்பெல்லாம் எழுத்தை விட்டு விலகிப்போய்த் தனியே நின்றது. பக்கம் பக்கமாகத் திருத்தினேன். அட்டைக்கு, பஸ் ஜன்னலால் நான் எடுத்த படம். ‘வெளியிடு’ என்பதை அழுத்திவிட்டு, ஏதோ நடக்கப்போகிறது என்பதுபோலக் காத்திருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் அட்டையைப் பகிர்ந்து வாழ்த்தினார்கள். வாசித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் நானும் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பிறகொரு நாள், அந்தத் தளத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார். “நான் அரிப்பில இருக்கிறன். உங்கட கதையில வாற மணல்திட்டு எந்தப் பக்கம் எண்டு சொல்ல ஏலுமோ?”

முதல் வாசகி. சந்தோஷத்தில் உடனே பதில் போட்டேன், அது முழுக்கக் கற்பனை என்று. அவர் திரும்ப எழுதினார். “அது விளங்குது. என்ர மனுசனும் கடலுக்குப் போனவர்தான். படகும் வரேல்ல, ஆளும் வரேல்ல. ஒருக்கா உங்களோட நேரில கதைக்க வேணும்.”

அந்தக் கடைசி அத்தியாயத்தை அவர் வாசித்திருப்பாரே. புத்தகத்தையே எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால், கேட்டவருக்கு முகத்தைக் காட்டாமல் இருக்க மனம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அரிப்பில் அவர் பஸ் தரிப்பிடத்திலேயே குடையோடு நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையாம். “வாங்கோ தங்கச்சி” என்று கையைப் பிடித்துக் கரைப் பக்கம் கூட்டிப்போனார். செம்மண் கரைக்குக் கீழே கடல் பால் மாதிரி வெளிறிக் கிடந்தது. காற்றில் குடை நிற்கவில்லை, மடக்கிவிட்டார். மணலில் இழுத்து வைத்திருந்த ஒரு படகின் நிழலில் இருந்தோம்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்று தொடங்கினேன். “அந்த முடிவை நான்…”

அவர் என் வாயைப் பொத்துவதுபோலக் கையைத் தூக்கினார். “முடிவைச் சொல்லாதீங்கோ. நான் இன்னும் வாசிக்கேல்ல. அவர் திட்டில ஏறிப் படுக்கிற இடத்தோட நிப்பாட்டிட்டன். அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். எனக்காக முடிவை மாத்தவும் வேண்டாம்.”

வீட்டார் எல்லோரும் மாதா கோயிலில் இறந்தவருக்கான பூசையை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார்களாம். இவர்தான் இன்னும் ஓம் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “ஒண்டே ஒண்டுதான் கேக்க வேணும். அங்க அவருக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்குதோ?”

நிலவு, அலை, பறவைகள், தனிமை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

“கிடைக்கும் அக்கா” என்றேன். பிறகு அந்த இடத்திலேயே சொல்லத் தொடங்கினேன். படகோடு ஒரு தறப்பாள் துண்டும் ஒதுங்கியிருக்கும். அதில் மழையைப் பிடிப்பார். திட்டின் நடுவில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் மெல்ல ஊறும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காற்றில் மணல் பறந்தது. எனக்கே, கொஞ்ச தூரத்தில் அந்தத் திட்டு வெள்ளையாகத் தெரிவதுபோல இருந்தது.

“அவருக்கு வெறுந்தண்ணி இறங்காது. தேத்தண்ணி வேணும்” என்றார்.

“அப்ப, கரையொதுங்கின பெட்டியொண்டில தேயிலை வரட்டுமோ?”

“வரட்டும். சீனி போடாதீங்கோ. சீனி வருத்தக்காரர்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

அச்சுப் புத்தகம் என்றால் அச்சில் ஏறினது ஏறினதுதான். இது இணையப் புத்தகம். அடுத்த வாரமே பஸ்ஸில் இருந்தபடியே ஒரு புதிய அத்தியாயம் எழுதினேன். மனிதர் மழை நீரில், சீனி இல்லாமல், ஒரு தகரப் பேணியில் தேத்தண்ணி வைத்துக் குடிக்கிற அத்தியாயம். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது அவரைக் காப்பாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்ற வேண்டாம் என்றவரின் சொல்லுக்காக விட்டுவிட்டேன். திருத்திய புத்தகத்தை ஏற்றினேன்.

சில மாதங்கள் ஒரு செய்தியும் இல்லை. ஒவ்வொரு காலையும் தாம்போதியில் அக்காவை நினைப்பேன். பிறகு ஒருநாள் வந்தது.

“வாசிச்சு முடிச்சிட்டன், தங்கச்சி. தாகத்தோட போகேல்ல அவர். வாற ஞாயிறு அவருக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறம். வருவீங்களோ?”

போனேன். கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். பங்குச் சாமியார் இறந்தவரின் பெயரைச் சொல்லி மன்றாடினார். அந்த மனிதரின் உண்மையான பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். முன் வரிசையில் அக்கா தலை நிமிர்ந்து இருந்தார்.

அதன் பிறகும் எழுதுகிறேன், நானேதான் வெளியிடுகிறேன். ஆனால் கதையில் ஒருவரை எங்காவது தனியே விட்டுவிட்டு வரும்போது, அவர் என்ன குடிப்பார், எங்கே தலை சாய்ப்பார் என்று பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. நான் அறியாத ஒருத்தி எங்கோ இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.